எஃப்.டி.பி: 1998-இல் செய்த தப்பு, போன வாரமும்

போன வாரம் எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பேப்பரை இழுத்துக்கொள்ளும், கோப்பு மட்டும் வந்து சேராது. விண்டோஸ் அப்டேட்டில் பழைய ஃபோல்டர் பகிர்வு முறை போய்விட்டது என்றார் சரிசெய்ய வந்தவர். மெனுவைக் கொஞ்சம் குடைந்துவிட்டு, "எஃப்.டி.பி இருக்கு சார், அதுல போட்டுடறேன்" என்று மூலையில் கிடந்த பழைய லினக்ஸ் கணினிக்கு இணைத்துக் கொடுத்தார். எஃப்.டி.பி என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் பழைய முறை. பக்கத்து ஆபீஸ் ஆடிட்டர் நண்பர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கா? நானும் போட்டுக்கலாமா?" என்றார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இது.

எனக்கும் எஃப்.டி.பிக்கும் பழக்கம் 1998-இல் திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் தொடங்கியது. மணிக்கு 60 ரூபாய். சவுண்ட் கார்டுக்கு டிரைவர் வேண்டும், ஜிப் கோப்பு, 2 எம்பி. பிரவுசரிலேயே இறக்கியிருக்கலாம். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்ப்பார், அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் இறங்கியது. கடைசியில் '226 டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட்' என்று வந்தது. இரண்டு ஃபிளாப்பியில் வெட்டி எடுத்துப் போய் வீட்டில் பிரித்தால் சி.ஆர்.சி பிழை, அதாவது கோப்பு கெட்டிருக்கிறது. ஃபிளாப்பியைத் திட்டினேன். மறுநாள் புது ஃபிளாப்பி, இன்னொரு 60 ரூபாய், அதே பிழை.

அப்புறம்தான் அளவைப் பார்த்தேன். சர்வரில் இருந்ததைவிட என் கோப்பு 8 கேபி பெரிதாக இருந்தது. கேட்டதற்கு மேல் கொசுறு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்!

'பின்' (bin; பைனரி, அதாவது உள்ளது உள்ளபடி அனுப்பு) என்ற மூன்றெழுத்துக் கட்டளையை முதலில் தட்ட மறந்ததுதான் காரணம். தட்டாவிட்டால் எஃப்.டி.பி எதையும் எழுத்துக் கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் வரி முடிவுக்கு ஒரு குறி, விண்டோஸில் இரண்டு. ஆகவே அந்தக் குறிக்குரிய எண்ணான 10 எங்கே வந்தாலும் முன்னால் மற்றக் குறியின் எண்ணான 13-ஐச் செருகிவிடும். ஜிப் கோப்பில் 256 பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு முறை 10 வந்தே தீரும். 2 எம்பிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக அந்த 8 கேபி.

கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தால், இதைச் செய்தவர்மேல் குறை சொல்ல முடியாது. ஐ.ஐ.டி கான்பூரின் முதல் செட் மாணவர் அபய் பூஷண், எம்.ஐ.டியில் படிக்கும்போது 1971 ஏப்ரலில் எழுதிய நெறிமுறை இது. அன்றைக்கு, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பி.டி.பி-10 என்ற கணினியில் ஒரு சொல்லுக்கு (கணினி ஒரே மூச்சில் கையாளும் அளவு) 36 பிட். ஐ.பி.எம் பெரிய மெஷின்களில் எழுத்துக்கான எண்களே வேறு. ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் படிக்க முடிந்தாலே பெரிய விஷயம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். 1985-இல் வந்த திருத்திய வடிவத்திலும் (இன்றும் அதுதான் அடிப்படை) எழுத்து முறையே டீஃபால்ட்.

அந்த மொழிபெயர்ப்பு இல்லாமலும் அடி வாங்கியிருக்கிறேன். சூடு கண்ட பூனையாக எதற்கெடுத்தாலும் 'பின்' போட்டுக்கொண்டிருந்த காலத்தில், விண்டோஸில் எழுதிய ஒரு பெர்ல் நிரலை அப்படியே லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினேன். முதல் வரியின் கடைசியில் அந்த 13 ஒட்டிக்கொண்டு போக, தளம் முழுக்க, சர்வர் தடுமாறினால் வரும் 500 பிழை. இரவு இரண்டு மணிவரை நிரலில் தப்பு தேடினேன். நிரலில் ஒரு தப்பும் இல்லை.

இத்தனைக்கும் அந்தக் காலத்து எஃப்.டி.பியை நினைத்தால் மனசு இளகிவிடுகிறது. 'அனானிமஸ்' என்று பெயர் கொடுத்து, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், முன்பின் தெரியாதவர்களின் கணினி கதவைத் திறந்துவிடும். மரியாதைக்குக் கேட்பதுதான், பெரும்பாலும் யாரும் சரிபார்ப்பதில்லை. ஃபின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான ஃபூநெட்டின் சர்வரில் மணிக்கணக்காகச் சும்மா ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து பார்த்திருக்கிறேன். லினக்ஸ் 1991-இல் முதலில் வெளியானது அங்கேதான். அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 'ஃப்ரீக்ஸ்' என்று பெயர் வைக்க நினைத்திருந்தார். சர்வரைப் பார்த்துக்கொண்ட அரி லெம்கே ஃபோல்டருக்கு 'லினக்ஸ்' என்று பெயர் போட, அதுவே நிலைத்துவிட்டது.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். மெஷின் ஒழுங்காகத்தான் அனுப்பியது. வந்த பி.டி.எஃபை என் கணினிக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று பழைய ஆசையில் கறுப்புத் திரையைத் திறந்து தட்டினேன். 226, டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட். திறந்தால் 14 பக்கமும் இருக்கிறது, அத்தனையும் வெள்ளை. சரிசெய்தவருக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டு, வைத்த பிறகுதான் உறைத்தது. விண்டோஸில் அந்தக் கட்டளை இன்னமும் எழுத்து முறையில்தான் தொடங்குகிறது. நானும் இன்னமும் மறக்கிறேன்.

ஆடிட்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாஸ்வேர்டு முதற்கொண்டு எல்லாம் பூட்டில்லாமல் போகும், வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பிதான் சரி. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-லேயே எஃப்.டி.பியைக் கைகழுவிவிட்டன. எங்கள் மெஷினில் மட்டும் மாற்றவில்லை, மாற்றுகிற எண்ணமும் இல்லை.

மறக்காமல் இருக்க 'பின்' என்று தமிழில் பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஆபீஸ் பையன் அதற்குக் கீழே ஸ்டேப்ளர் பின் டப்பா இரண்டை அடுக்கி வைத்திருக்கிறான்.