தொடுதிரைக் காரும் தொடு பலகை அடுப்பும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

குமிழ்களும் பட்டன்களும் நிறைந்த பழைய காரைப் பல ஆண்டுகள் ஓட்டியபின், ஏசி முதல் பாட்டு வரை எல்லாவற்றையும் நடுவில் உள்ள தொடுதிரைக்குள் வைத்துவிட்ட புதிய காருக்கு மாறினேன். இப்போது அதை மழையிலும் வெயிலிலும் போதுமான அளவு ஓட்டிவிட்டேன். ஏறக்குறைய அதே காலத்தில் வீட்டு அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் தொடு பலகைக்கு மாறியதால், இரண்டு இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். கண் வேறொரு வேலையில் இருக்கும்போது கை இயக்க வேண்டிய எதையும் தட்டையான கண்ணாடியில் வைக்கக் கூடாது என்பதே இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

திரையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வரைபடத்தைப் பெரிதாகக் காண்பதும், பின்பக்கக் கேமராவின் துணையோடு நெருக்கடியான இடத்தில் வண்டியை நிறுத்துவதும் பழைய காரில் கிடைக்காத வசதிகள். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சிக்கல் தொடங்குவது ஓடும் வண்டியில்தான். இரவில் திடீரென மழை பிடிக்கும்போது, வண்டிக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த முன்கண்ணாடியில் ஆவியாகப் படிந்து சாலையை மறைக்கத் தொடங்குகிறது. ஏசியில் உலர்ந்த காற்றைக் கண்ணாடியின் மீது திருப்பிவிட்டால் சிறிது நேரத்தில் அது தெளிந்துவிடும். பழைய காரில் குமிழை வலப்பக்கம் கடைசி வரை திருப்பினால் போதும். ‘டக்’ என்று அது நிற்பதை விரலே சொல்லிவிடும். புதிய காரிலோ, முதலில் ஏசி படத்தைத் தொட்டு, அந்தப் பக்கம் திறக்கும் வரை காத்திருந்து, மூலையில் உள்ள சிறிய குறியைத் தேடி அழுத்த வேண்டும். சாலை மேடுபள்ளமாக இருந்தால் விரல் பக்கத்துக் குறியில் பட்டுவிடுகிறது. அது பட்டதா, படவில்லையா என்று அறிய மறுபடியும் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி கண்ணை எடுத்தால் வண்டி சுமார் 44 மீட்டர் கடந்துவிடுகிறது, அதுவும் சாலை சரியாகத் தெரியாத அந்த நேரத்தில்.

இது பழக்கம் சார்ந்த குறை மட்டும் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. 2022-ல் சுவீடனின் ‘வீ பீலேகரே’ என்ற கார் இதழ், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வழக்கமான நான்கு வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரமாகிறது என்று சோதித்தது. பட்டன்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோ வி70 காரில் அவை 10 நொடியில், 306 மீட்டருக்குள் முடிந்தன. புதிய கார்களில் மிக மெதுவானதற்கு ஏறத்தாழ 45 நொடிகள் ஆயின. அதற்குள் அது 1,300 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பும் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனி பட்டனோ நெம்புகோலோ இருப்பதை 2026 முதல் தன் பாதுகாப்பு மதிப்பெண்ணில் கணக்கில் கொள்கிறது. அந்தப் பட்டியலில் முன்கண்ணாடி ஆவி நீக்கியும் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

குரல் கட்டளை இதற்கு மாற்றாகுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தனியாக ஓட்டும்போது நன்றாக வேலை செய்கிறது. பின்னிருக்கையில் நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தால் அதை நம்ப முடியாது. இன்னொன்று, மென்பொருள் புதுப்பிப்பு. ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, கைக்குப் பழகிவிட்ட குறிகள் இடம் மாறின. பழைய காரின் குமிழ் ஒருநாளும் இடம் மாறியதில்லை.

சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிப் பரப்பைத் துடைப்பது மிக எளிது. அதற்காகவே அதை விரும்புகிறேன். ஆனால் விரல் படும்போது மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை வைத்தே தொடு பலகை நம் கட்டளையை அறிகிறது. சிந்திய நீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும். ஆகவே பாத்திரத்திலிருந்து பொங்கிப் பலகையில் வழிந்தால், சூட்டைக் குறைக்கத் தொட்டாலும் எங்கள் அடுப்பு கேட்பதில்லை. எச்சரிக்கை ஒலி எழுப்பித் தானே அணைந்துவிடும். துடைத்து உலர்த்திய பிறகே மறுபடி இயங்கும். அணைந்துவிடுவது பாதுகாப்பானதுதான், ஆனால் கை ஈரமாகவே இருக்கும் இடத்தில் ஈரத்துக்குத் தடுமாறும் கருவியை வைத்திருக்கிறோம்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் முன் நின்று, பார்த்து, தேர்ந்தெடுக்க நேரம் இருப்பதால் அங்கே தொடு பலகை எனக்குத் தொல்லை தரவில்லை. பார்வை மங்கிவரும் என் அம்மாவுக்கு அப்படியல்ல. பழைய இயந்திரத்தின் குமிழை அவர் எண்ணித் திருப்புவார். புதியதன் வழவழப்பான பலகையில் தடவிப் பார்க்க எதுவும் இல்லை. தினமும் பயன்படும் குறிகளுக்கு அருகே சிறிய புடைப்பு ஒட்டிகளை ஒட்டிக் கொடுத்த பிறகே அவர் யாரையும் கூப்பிடாமல் துணி துவைக்க முடிந்தது. இதைத் தயாரிப்பாளர்களே செய்திருக்க வேண்டும்.

குமிழ்களும் தேய்கின்றன, இடுக்குகளில் அழுக்கு சேர்கிறது. இருந்தும் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், திரை போனாலோ எல்லாம் ஒன்றாகப் போகின்றன. கார் வாங்கப் போகிறவர்கள், விற்பனையகத்தில் நிற்கும் வண்டியில் அமர்ந்து, நேராகச் சாலையைப் பார்ப்பதுபோல் கண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டு, வைப்பரின் வேகத்தைக் கூட்டுவது, ஆவி நீக்கியை இயக்குவது, ஒலியைக் குறைப்பது ஆகிய மூன்றையும் கையால் மட்டும் செய்து பாருங்கள். ஆவி நீக்கிக்காகக் கண் கீழே இறங்கினால், அதற்குத் தனி பட்டன் உள்ள மாடல் வேண்டும் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.