கமிஷன் குறையட்டும், கணக்கைக் காட்டுங்கள்

திருமங்கலத்தில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். "அக்கா, இதுல முதல் மூணு மாசம் 50 சதவீதம் கமிஷன் தர்றாங்களாம், சேரலாமா?" பார்த்தால், நான் பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் அதே கேசினோ அஃபிலியேட் புரோகிராம், அதாவது நம் லிங்க் வழியாகச் சேரும் ஆட்களுக்காகக் கேசினோ நமக்குக் கமிஷன் தரும் ஏற்பாடு. அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் அவனைப் போல இன்னும் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள், எல்லோரும் கேட்பது சதவீதத்தைப் பற்றி மட்டும்தான். ரெவின்யூ ஷேர் (ஆள் தோற்பதில் பங்கு), சிபிஏ (ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று தருவது), டிராக்கிங் லிங்க் (யார் அனுப்பிய ஆள் என்று காட்டும் இணைப்பு) இதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், அதனால் அடிப்படையை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ஆட்களைக் கேசினோ பக்கம் அனுப்பும் யோசனை இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அதிலேயே விளம்பரம் செய்கிறவருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த மத்தியச் சட்டத்தில் அது இரண்டு ஆண்டு, 50 லட்சம். சட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு என் தளம் திறக்காது. 2020-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆன்லைன் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று சொன்ன காலத்தில், எங்கள் தெருவிலேயே வீட்டுக்குத் தெரியாமல் சம்பளப் பணத்தை விட்டவர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அந்தக் காசைத் தொட எனக்கு மனசு வராது. என் தளம் ஆங்கிலத்தில், பிரிட்டன் வாசகர்களுக்காக, அங்கே உரிமம் வாங்கிய கேசினோக்களை மட்டும் ஒப்பிட்டு எழுதுவது. விளையாட்டை நிறுத்த நினைப்பவர்கள் தங்களைத் தாங்களே தடுத்துக்கொள்ளும் கேம்ஸ்டாப் இணைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் மேலேயே இருக்கும், கீழே பொடி எழுத்தில் அல்ல.

சரி, புரோகிராமுக்கு வருகிறேன். நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம், அதுவும் நிறையவே இருக்கிறது. பணம் மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் வந்துவிடும். கொரோனா காலத்தில் வேறு சில புரோகிராம்கள் "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்று இழுத்தபோதும் இவர்கள் தாமதிக்கவில்லை. வங்கியில் இந்தப் பணம் எதற்காக வந்தது என்று ஒரு தடவை குடைந்து கேட்டபோது, இன்வாய்சையும் ஒப்பந்தத்தையும் முறையான கடிதத்தோடு அன்றைக்கே அனுப்பினார்கள். எங்கள் வீட்டு மாடி, இரண்டு பெண்களுக்குச் சம்பளம், அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடந்தது. அங்கே என் கணக்கைப் பார்க்கும் மேனேஜர் ஒரு மால்டாக்காரர், கேள்வி கேட்டால் ஒளிய மாட்டார். பொங்கல் என்றைக்கு என்று நினைவு வைத்து வாழ்த்து அனுப்புகிற மனிதர். இவ்வளவும் உண்மை, ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் அந்த மான்செஸ்டர் வாசகர் விஷயம் நடந்ததிலிருந்து என்னால் பழையபடி அந்த டேஷ்போர்டை, அதாவது என் கணக்கு தெரியும் பக்கத்தை, திறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். வாசகர் ஒருவர் எனக்கு மெயில் போட்டார். உங்கள் பக்கத்தில் இருந்த லிங்க்கை அழுத்திச் சேர்ந்தேன், பணம் கட்டினேன், நீங்கள் எழுதியிருந்த போனஸ் வரவில்லை, ஏன் என்று. நியாயமான கேள்வி. நான் மேனேஜருக்கு அனுப்பினேன், அவரும் அன்றைக்கே கேசினோ பக்கம் பேசி போனஸை வாங்கிக் கொடுத்துவிட்டார், வாசகர் நன்றி சொல்லி எழுதினார். எல்லாம் முடிந்த பிறகு எதற்கும் பார்ப்போமே என்று என் டேஷ்போர்டில் அந்தத் தேதியைத் தேடினேன். அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் யாருமே இல்லை. முந்தின நாளும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. அந்த வாசகர் கேசினோவில் இருக்கிறார், பணம் கட்டியிருக்கிறார், விளையாடுகிறார், என் கணக்கில் மட்டும் அவர் பிறக்கவே இல்லை.

கேட்டேன். குக்கி (யார் லிங்க் வழியாக வந்தார் என்று பிரவுசரில் பதியும் குறிப்பு) தவறியிருக்கும் என்றார் மேனேஜர். இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுதாகவே தடுக்கிறது, பிரிட்டனில் பாதிக்கு மேல் ஐபோன் வைத்திருப்பார்களோ என்று தோன்றும் அளவுக்கு என் வாசகர்களில் சஃபாரி கூட்டம் அதிகம். ஒருவர் போனில் லிங்க்கை அழுத்திவிட்டு ராத்திரி லேப்டாப்பில் போய்ச் சேர்ந்தாலும் தொடர்பு அறுந்துவிடும். இதற்கெல்லாம் வழி இருக்கிறது, சர்வரிலிருந்து சர்வருக்கு நேராகத் தகவல் அனுப்பும் முறை பல வருடமாக இருக்கிறது, அதை ஏன் வைக்கவில்லை என்றால் "திட்டத்தில் இருக்கிறது" என்ற பதில்தான் வரும். கடைசியில் அவர் நல்லெண்ணமாக அந்த ஒரு வாசகரை மட்டும் கையால் என் கணக்கில் சேர்த்துவிட்டார். அதற்கு நன்றி சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மெயில் போட்டவர் ஒருவர். போடாதவர்கள் எத்தனை பேர்?

இதுதான் என் முழுக் குறையும். திருடினார்கள் என்று நான் சொல்லவே இல்லை. திருடவில்லை என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது என்பதைத்தான் சொல்கிறேன். கொடுக்க வேண்டியவர் கையிலேயே கணக்குப் புத்தகமும் இருக்கிறது, அதை அவர் எனக்குத் திறந்து காட்டுவதில்லை, கடைசி வரியை மட்டும் படித்துச் சொல்கிறார்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகும் சம்சாரியைக் கேளுங்கள். கமிஷன் அதிகம் என்பார், எடையில் பிடிக்கிறான் என்பார், திட்டிக்கொண்டேதான் போவார். ஆனால் அவர் கையில் ஒரு சிட்டை இருக்கும். எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, இறக்குகூலி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. பக்கத்துக் கடையில் என்ன விலைக்குப் போனது என்று பத்து நிமிடத்தில் விசாரித்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வேறு கடை. எனக்கு வரும் சிட்டையில் மிச்சம் எவ்வளவு என்பது மட்டும்தான் இருக்கிறது.

கமிஷன் குறைந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி கேட்டது அதைத்தான். நான் சேர்ந்தபோது 40 சதவீதம். பிறகு 35, இப்போது 30. இது வெளியே தெரிகிற குறைவு, இதற்கு நான் பெரிதாகக் கோபப்படவில்லை. தெரியாத குறைவு வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன், பொடிப் பொடி விவரங்களை விட்டுவிட்டு. ஒரு ஆள் 100 பவுண்டு தோற்கிறார். அவருக்குக் கொடுத்த போனஸுக்கு 25 கழிக்கிறார்கள். பிரிட்டன் அரசு வரி 2019-இலிருந்து 2026 மார்ச் வரை 21 சதவீதம், அதற்கு 21. விளையாட்டுக் கம்பெனிக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் சேர்த்து நிர்வாகச் செலவு என்று 15. மிச்சம் 39. அதில் 30 சதவீதம் என்றால் 11 பவுண்டு 70 பென்ஸ். ஆக, ஒப்பந்தத்தில் 30, கையில் 12-க்கும் குறைவு. அந்த வரியை 2026 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமாக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே கணக்கில் 21-ஐ எடுத்துவிட்டு 40-ஐப் போட்டால் மிச்சம் 20, என் பங்கு 6. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வருமானம் பாதியாகிவிடும்.

வரி கூடினால் என் பங்கு குறைவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேசினோவுக்கும் அதே அடிதானே. ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் கட்ட முடியாது என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள், 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மே மாதத்திலிருந்து 2 பவுண்டு. இது வந்தபோது எனக்கு வருமானம் இறங்கியது, ஆனாலும் நல்ல விதி என்றுதான் என் தளத்தில் எழுதினேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு மனிதன் எவ்வளவு தோற்கிறானோ அதில் எனக்குப் பங்கு என்கிற ஏற்பாட்டில் இருந்துகொண்டு அவன் குறைவாகத் தோற்பதற்காக நான் அழக் கூடாது. நெதர்லாந்தில் வரி 30.5-லிருந்து 34.2 ஆகி 2026-இல் 37.8 ஆகிறது, அங்கேயும் இதே கதைதான் நடக்கும். 2024 மார்ச்சில் கூகுள் செய்த மாற்றத்தில் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள், அதற்குப் புரோகிராம் என்ன செய்யும்? இதெல்லாம் ஊரறிந்த காரணங்கள், தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, யாரும் சரிபார்க்கலாம்.

ஆனால் அந்த "நிர்வாகச் செலவு 15" எங்கிருந்து வந்தது? ஒரு வருடம் அது 10 ஆக இருந்தது. ஏன் 15 ஆனது, அந்தக் கூடுதல் 5 யாருக்குப் போகிறது, உண்மையான செலவா இல்லை ஒரு குத்துமதிப்பா, எழுத்தில் கேட்டும் பதில் வரவில்லை. எந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு போனஸ் கழித்தார்கள் என்ற விவரமும் கிடையாது. பெரிய ஆள் ஒருவர் ஒரே ராத்திரியில் ஜெயித்துவிட்டால் என் கணக்கு மைனஸில் போகும், அந்த மைனஸ் அடுத்த மாதத்துக்கும் வரும், அதற்கடுத்த மாதத்துக்கும் வரும். ஒப்பந்தத்தில் இருக்கிறது, தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அவர் ஜெயித்தது போன மாதம், அவர் தோற்றது இந்த மாதம் என்பதை நான் எப்படிப் பார்ப்பது? ஒரே ஒரு எண். அந்த எண்ணை நம்பு என்கிறார்கள்.

வேறு மாதிரி நடத்த முடியாதா என்றால் முடியும், நானே பார்த்திருக்கிறேன். இதைவிடச் சின்ன புரோகிராம் ஒன்றில் 25 சதவீதம்தான் தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் எண், அவர் கட்டியது, எடுத்தது, போனஸ், வரி, கழிவு, மிச்சம் என்று வரி வரியாக எக்செல் கோப்பு தினமும் வரும். ஒரு தடவை நான் ஒரு வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்டதற்கு, எங்கள் தப்புதான் என்று ஒத்துக்கொண்டு திருத்தினார்கள். அவர்கள் டேஷ்போர்டு பார்க்கச் சகிக்காது, பணம் சில மாதம் பத்து நாள் தாமதமாகும், மேனேஜர் யாரென்றே எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்தக் கணக்கைத் திறக்கும்போது நெஞ்சு படபடப்பதில்லை.

இப்போது போன மாதம் வந்த மெயில். மூன்று மாதத்துக்குள் புதிதாகப் பணம் கட்டும் ஐந்து பேரையாவது அனுப்பாவிட்டால், ஏற்கெனவே அனுப்பிய பழைய ஆட்களின் கமிஷனும் 10 சதவீதமாக இறங்கும் என்று. மத்தியச் சட்டம் வந்த பிறகு வக்கீலைப் பார்த்துவிட்டுப் புதிய வேலை எதையும் நான் எடுக்கவில்லை, பழைய ஆட்களின் பங்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்கள் அவர்கள் கேசினோவில் இருக்கும் வரை என் பங்கு உண்டு என்று எழுதிக் கொடுத்துத்தான் என்னிடம் அத்தனை வருட உழைப்பை வாங்கினார்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக் கட்டுரைக்கும் விதிமுறைகளை முழுதாகப் படித்து, வாடிக்கையாளர் சேவைக்கு நானே எழுதிக் கேட்டு, பணம் எடுக்க எத்தனை நாள் ஆகிறது என்று வாசகர்களிடம் விசாரித்து எழுதியவை அவை. அந்த வாசகர்கள் என்னை நம்பித்தான் அந்த லிங்க்கை அழுத்தினார்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு விதி மாற்றுவது அவர்கள் உரிமை, போகட்டும். முடிந்துபோன வேலையின் கூலியை மாற்றுவதை எந்த ஊரில் ஒத்துக்கொள்வார்கள்? கேசினோவில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம், 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசானே ஃபர்னிச்சர் கமிஷனை 8-லிருந்து 3 ஆக்கியது. ஆனால் அது அந்தத் தேதிக்குப் பிறகு விற்றதற்கு.

தம்பிக்கு என் பதில்: சேராதே. கேசினோ எதிலும் சேராதே, சட்டம் ஒரு காரணம், நான் சொன்ன இந்தக் கணக்கு இன்னொரு காரணம். வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது என்றாயே, அதைப் பிடி. வேறு ஏதாவது பொருளுக்கு அஃபிலியேட் செய்தே தீருவேன் என்றால், சதவீதத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆள்வாரியாக அறிக்கை தருவீர்களா, பழைய ஆட்களுக்கு விதி மாறாது என்று எழுதித் தருவீர்களா என்று இரண்டு கேள்வி கேள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்துவிடு.

என் தளத்தை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். வாங்க வந்தவர் வெளிநாட்டுக்காரர், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிய சிபிஏ வருமானத்துக்கும் அந்தச் சின்ன புரோகிராமின் 25 சதவீதத்துக்கும் நல்ல விலை சொன்னார். நான் மேலே இவ்வளவு புகழ்ந்த, 15-ஆம் தேதி தவறாத, பொங்கல் வாழ்த்துச் சொல்லும் புரோகிராமின் வருமானத்தை மட்டும் விலையிலேயே சேர்க்கவில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் வைத்துக்கொள்ளப் போவதில்லை, இந்த மாதப் பணம் வந்ததும் கணக்கை மூடச் சொல்லி எழுதிவிட்டேன். இருந்ததிலேயே நல்ல புரோகிராம் அதுதான். என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.