ஒரே விலையில் இரண்டு பழைய ஜெர்மன் கார்கள்: பெரிய செடானா, நடுத்தரச் செடானா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் முன்னே இரண்டு கார்கள் இருந்தன. இரண்டும் ஜெர்மன் தயாரிப்புகள்; இரண்டுக்கும் வயது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது; விற்பவர்கள் சொன்ன விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று, எட்டு சிலிண்டர் எஞ்சினும் ஏர் சஸ்பென்ஷனும் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) கொண்ட மிகப் பெரிய செடான். மற்றொன்று அதற்கு ஒரு படி கீழே உள்ள நடுத்தரச் செடான். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சாதாரண காயில் ஸ்பிரிங், கூடுதல் வசதிகள் குறைவு. நான் வாங்கியது இரண்டாவதை. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

புதிதாக விற்கப்பட்டபோது வெகு தூரம் விலகியிருந்த இரண்டு கார்கள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நிற்பதற்குக் காரணம், பெரிய செடான்களின் மதிப்பு வேகமாக இறங்குவதுதான். ஆனால் காரின் விலை இறங்கும்போது அதன் உதிரிபாகங்களின் விலை கூடவே இறங்குவதில்லை. புதிய காரை வாங்கியவருக்காக நிர்ணயிக்கப்பட்ட பிரேக் டிஸ்க்கும் முகப்பு விளக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், மூன்றாவது உரிமையாளருக்கும் கிட்டத்தட்ட அதே தட்டில்தான் கிடைக்கின்றன. எரிபொருள், டயர் அளவு, காப்பீடு ஆகியவற்றில் பெரிய கார் அதிகம் கேட்கும் என்பது யாவரும் அறிந்தது. பின்னிருக்கையின் வசதியிலும் ஓசையின்மையிலும் அது ஒரு படி மேலே இருப்பதும் உண்மை. இவற்றை இதற்கு மேல் விரிக்கத் தேவையில்லை.

இரண்டு கார்களுக்கும் பொதுவான செலவுகள் சில உண்டு. அவை கிலோமீட்டரைவிட வயதைச் சார்ந்தவை. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விரிவுத் தொட்டி, தெர்மோஸ்டாட் உறை போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் சூடாகிக் குளிர்ந்து பல ஆண்டுகளில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகின்றன. வால்வ் கவர் கேஸ்கட்டும் ஆயில் ஃபில்டர் உறையின் கேஸ்கட்டும் ரப்பர் இறுகியதும் கசியத் தொடங்கும். தானியங்கி கியர்பாக்ஸில் ஆயிலை வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் சொல்லி வந்தாலும், அந்தக் கியர்பாக்ஸ்களில் பலவற்றைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. இந்தப் பட்டியலில் பெரிய கார், சிறிய கார் என்ற பாகுபாடு அதிகம் இல்லை. வாங்கிய முதல் ஆண்டில் இரண்டிலுமே இவற்றுக்குப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

எஞ்சினில் வேறுபாடு தொடங்குகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் தன்னளவில் பலவீனமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுற்றிக் கை நுழைய இடமில்லாததால், சிறிய பாகத்துக்குக்கூடப் பெரிய கூலி ஆகிறது. பிஎம்டபிள்யூவின் என்62 வி8 எஞ்சினில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே செல்லும் கூலன்ட் குழாயின் சீல் வயதானால் கசியும்; குழாய் பெரிய பொருளல்ல, ஆனால் முறைப்படி அதை மாற்ற எஞ்சினின் முன்பகுதியைப் பெருமளவு பிரிக்க வேண்டும். ஆடியின் 4.2 லிட்டர் எஃப்எஸ்ஐ வி8 எஞ்சினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் சங்கிலிகள் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருப்பதால், சங்கிலி வேலை என்றாலே எஞ்சினை வெளியே எடுக்க வேண்டியதாகிறது. ஆறு சிலிண்டர் என்பதாலேயே தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. மெர்சிடிஸின் எம்272 வி6 எஞ்சினின் தொடக்க காலத் தயாரிப்புகளில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் தேய்ந்து, அதை மாற்ற எஞ்சினை இறக்கும் நிலை பலருக்கு ஏற்பட்டது. எந்த எஞ்சின் எண்வரை அந்தப் பாகம் பொருத்தப்பட்டது என்பதைச் சரிபார்த்து வாங்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் என்52 ஆறு சிலிண்டரில் மின்சார வாட்டர் பம்ப் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ஆனால் அது எஞ்சினை இறக்காமலேயே மாற்றக்கூடியது. நேரம் பார்த்து முன்கூட்டியே மாற்றிவிட்டால் வழியில் நிற்கவும் வேண்டாம்.

இவ்வளவையும் எடை போட்டபோதும் எனக்கு முடிவு வரவில்லை. முடிவைத் தந்தது சஸ்பென்ஷன்.

பெரிய செடான்களில் ஏர் சஸ்பென்ஷன் பெரும்பாலும் விருப்பத் தேர்வு அல்ல. 1998-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸிலும் (டபிள்யூ220), 2002-இல் வந்த ஆடி ஏ8-இலும் (டி3) அது கூடவே வந்தது. ஓட்டும்போது அது தரும் மென்மையை மறுக்க முடியாது. சிக்கல் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ரப்பர் ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. பத்து ஆண்டுகளில் அந்த மடிப்பில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. முதலில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம், இரவு முழுவதும் நின்ற கார் காலையில் ஒரு மூலையில் தாழ்ந்து கிடப்பது. எஞ்சினை இயக்கியதும் கம்ப்ரசர் காற்றை நிரப்பி உயரத்தைச் சரிசெய்துவிடுவதால், உரிமையாளர் இதைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார். இங்கேதான் ஒரு பழுது இரண்டாகிறது. சில விநாடிகள் மட்டும் ஓட வேண்டிய கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடிச் சூடாகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைத்த உலர்த்தி நிறைந்துபோய், ஈரம் வால்வ் தொகுதிக்குள் செல்கிறது. கம்ப்ரசருக்கான மின்சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகியும் போகலாம். ரப்பரில் விழுந்த ஒரு விரிசல் கம்ப்ரசரையும் வால்வையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. வாங்குபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. இத்தகைய கார்களின் முன்பக்கத்தில் காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் ஒரே உறுப்பாகச் சேர்ந்தே வருகின்றன. பை மட்டும் கசிந்து, உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் இருந்தாலும், முழு உறுப்பையும் மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பர் மட்டும் தேய்ந்து பை நன்றாக இருந்தாலும் அதே கதைதான். காயில் ஸ்பிரிங் காரிலோ ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி, மேலே உள்ள ரப்பர் தாங்கி தனி. எது தேய்ந்ததோ அதை மட்டும் வாங்கலாம். அதுவும் காருக்குப் பாகம் வழங்கிய சாக்ஸ், பில்ஸ்டீன் போன்ற நிறுவனங்களின் பெட்டியிலேயே வாங்கலாம். எந்தத் திறமையான மெக்கானிக்கும் ஸ்கேனர் இல்லாமலேயே பொருத்துவார். ஸ்பிரிங் உடைவதும் உண்டு, குறிப்பாகத் துருப்பிடித்த கடைசிச் சுற்றில். ஆனால் உடைந்த ஸ்பிரிங் தன்னோடு வேறெதையும் கெடுத்துவிட்டுப் போவது அரிது.

பெரிய செடானைப் பார்க்கச் செல்வதற்கு முன் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஓர் அறிவுரை சொன்னார்: இரவு முழுவதும் நின்ற காரை, விற்பவர் எஞ்சினை இயக்குவதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும், நான்கு சக்கர வளைவுகளுக்கும் டயருக்கும் இடையே விரல்களை வைத்து அளக்க வேண்டும். நான் அப்படியே செய்தேன். முன்பக்கம் வலது மூலையில் இரண்டு விரல் அளவு தாழ்ந்திருந்தது. விற்பவர் அதைக் குறையாகவே கருதவில்லை. எஞ்சின் ஓடினால் ஏறிவிடும் என்றார். உண்மையில் ஏறியது. ஏறும்போது கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று மாலையே நடுத்தரச் செடானுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

நடுத்தரச் செடான் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. மெர்சிடிஸ் ஈ கிளாஸிலும் (டபிள்யூ211) ஏர் சஸ்பென்ஷனோடு வந்த கார்கள் உண்டு. அதே காரின் 2006 வரையிலான தயாரிப்புகளில் எஸ்பிசி என்ற மின்-ஹைட்ராலிக் பிரேக் முறை இருந்தது. மேம்படுத்தப்பட்ட வடிவத்தில் நிறுவனமே அதைக் கைவிட்டுப் பழைய ஹைட்ராலிக் முறைக்குத் திரும்பியது. அந்த அனுபவத்தையும் கணக்கில் கொண்டுதான் நான் தேடியபோது மாடல் பெயருக்கு முன் வசதிகளின் பட்டியலைப் படித்தேன்: எவ்வளவு குறைவான மோட்டார்கள், எவ்வளவு குறைவான பம்புகள் என்பதே என் அளவுகோலாக இருந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளில் என் காரின் சஸ்பென்ஷனுக்குச் செய்தவை இவைதான்: முன் கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ்கள், நான்கு ஷாக் அப்சார்பர்கள், அவற்றின் மேல் தாங்கிகள், இறுதியில் ஒரு சக்கரச் சீரமைப்பு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்தேன். ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் கூலியும் சீரமைப்பும் மீண்டும் மீண்டும் விழுந்திருக்கும். இத்தனைக்கும் ஆன மொத்தச் செலவு, பெரிய செடானின் முன்பக்கக் காற்று உறுப்புகள் இரண்டுக்கும் நான் வாங்கிவைத்திருந்த விலைப்பட்டியலில் பாதியைக்கூட எட்டவில்லை.

பெரிய செடானை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. உறவினர் ஒருவரின் காரைச் சில வாரங்கள் ஓட்டியதும், அதன் ரசீதுகளைப் படித்ததும்தான் என் அனுபவம். ஏர் சஸ்பென்ஷனைக் காயில் ஸ்பிரிங்காக மாற்றும் தொகுப்புகள் கிடைக்கின்றன. அப்படி மாற்றினால் உயரத்தைச் சீராக்கும் வசதி போய்விடும், எச்சரிக்கை விளக்கை அணைக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வேலை செய்ய வேண்டியிருக்கும். எந்த மென்மைக்காக அந்தக் காரை வாங்குகிறோமோ அதையே கழற்றி வைப்பதாக எனக்குப் படுகிறது.

ஒரே ஒரு சூழ்நிலையில் நான் மனம் மாறியிருப்பேன். இரு முன் காற்று உறுப்புகளும் ஜோடியாக மாற்றப்பட்டு, அதே வேலையில் கம்ப்ரசரும் ரிலேவும் புதிதாக்கப்பட்டு, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கான ரசீதும் கையில் இருக்கும் பெரிய செடான் ஒன்று கிடைத்திருந்தால், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே செலவழித்துவிட்ட அந்தப் பணத்துக்காகவே, கேட்ட விலைக்குமேல் சிறிது கொடுத்தும் அதை வாங்கியிருப்பேன். தேடலின்போது நான் பார்த்த ஐந்து பெரிய செடான்களில் ஒன்றுகூட அப்படி இல்லை.