பாம்பன் உப்புக் காற்றுக்கு ஒரு மோடம் அடாப்டர்

என் ஜெராக்ஸ் கடைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருதான். பாம்பனில் இரும்புக் கதவே வருஷா வருஷம் பெயிண்ட் கேட்கும். ஃபைபர் மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் மட்டும் தப்பிக்குமா? இரண்டு வருஷத்தில் மூன்று போய்விட்டன. கடைசியாகப் போனது 150 ரூபாய்ச் சரக்கு. அது கருகிய நாற்றத்தில், பிரிண்ட் எடுக்க வந்த மீன் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, "என்ன தம்பி, கருவாடு சுடுறியா?" என்றார்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த தைரியத்தில் அதைப் பிரித்தேன். (பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் போட்டுவைத்த பிறகுதான். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.) 230 வோல்ட் பக்கத்தையும் 12 வோல்ட் பக்கத்தையும் பிரித்துவைக்கும் நாலுகால் ஆப்டோகப்ளருக்கு (சிக்னலை ஒளியாகக் கடத்தும் சின்னச் சிப்) அடியில், பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கரித்தடம். சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கால்கள் தள்ளித்தான் இருந்தன. ஆனால் செம்புத் தடத்தை உள்பக்கமாக இழுத்துப் போட்டதில், வெர்னியரில் 3 மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. அந்த வழியாக மின்சாரம் பாய்ந்தால், மோடத்தில் பின்னைச் செருகும் விரலுக்கே 230 வோல்ட் வந்துவிடும்.

சரி, மதுரையில் வாங்கிய 480 ரூபாய் அடாப்டருக்கு வருவோம். இரண்டு வாங்கினேன்: ஒன்று ஓட்ட, ஒன்று உடைக்க. மேலே ஐ.எஸ். 13252 என்று போட்டிருக்கிறது. அது ஐ.இ.சி. என்ற சர்வதேச மின் தர அமைப்பின் 60950-1-ஐ ஒட்டிய இந்தியத் தரம், ஐ.இ.சி.யில் இப்போது அந்த இடத்துக்கு 62368-1 வந்துவிட்டது. 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை இரண்டு விதமாக அளக்கச் சொல்கிறார்கள்: காற்றில் நேராக ஒன்று, சர்க்யூட் பலகையின் மேற்பரப்பில் ஊர்ந்து போகும் தூரம் ஒன்று. நம் ஊரில் காலை வாருவது இரண்டாவதுதான். 250 வோல்ட்டுக்கு, சாதாரணப் பச்சைப் பலகையில், வழக்கமான வீட்டுத் தூசி என்றால் 5 மில்லிமீட்டர் ஊர்தூரம் போதும். ஈரம் பட்டு அழுக்கே மின்சாரம் கடத்தும் இடமென்றால் 8 வேண்டும். பாம்பனை நான் இரண்டாவது கணக்கில்தான் சேர்ப்பேன்.

இதில் ஆப்டோவுக்கு அடியில் பலகையையே 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்துவிட்டிருக்கிறார்கள். இனி அதைச் சுற்றிக்கொண்டுதான் ஊர்ந்து வர வேண்டும். சுற்றி அளந்தால் 8-ஐத் தாண்டுகிறது. வெட்டு 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கணக்கிலேயே சேராது, ஈரமான இடத்துக்கு 1.5 வேண்டும். இதைப் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வெட்டு இல்லை, ஊர்தூரம் 6 மில்லிமீட்டர்தான். சென்னை வீட்டுக்கு அது தாராளம். கடலோரத்துக்கு ஒரு மார்க் குறைக்கிறேன்.

அப்புறம், ஒயர் ஒரு மீட்டர்தான். அதனால் அடாப்டரை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் போர்டில்தான் மாட்ட முடிகிறது, உப்புக் காற்று நேரே அடிக்கிற இடம். ஜன்னலின் அந்தக் கதவை ஆணி அடித்து மூடிவிட்டேன். ஒன்பது மாதமாக ஓடுகிறது, சூடு அதிகமில்லை. நீல விளக்குதான் கண்ணைக் குத்துகிறது. அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.