மார்கழியில் அப்பத்தாவோடு பிள்ளையார்பட்டி

கோலாலம்பூரிலிருந்து இரண்டு வார விடுமுறையில் காரைக்குடி வந்திருந்தோம். அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போவதுதான் முதல் வேலை. சுமார் 12 கிலோமீட்டர்தான். சக்கர நாற்காலி வைக்கிற மாதிரி பெரிய வண்டி வேண்டும் என்று வாடகை வண்டிக்காரர்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தோம். ஐந்து மணிக்கு வர வேண்டியது ஆறரைக்கு வந்தது, அதுவும் சின்ன கார். டிக்கியில் பாதி கேஸ் சிலிண்டர். நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டோம். வயதானவர்களோடு போகிறவர்கள் எந்த மாடல் வண்டி என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையைக் குறைக்கவும் வண்டிக்காரர்கள் சம்மதிக்கவில்லை.

நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது குலக்கோயில்களில் எங்கள் பிரிவுக்கு உரியது இது. கல்யாணமென்றால் இங்கிருந்து மாலை வர வேண்டும். அதனால் சின்ன வயதிலிருந்தே 'நம்ம கோயில்' என்றுதான் சொல்லிப் பழக்கம். அன்று குளக்கரையில் இறங்கியபோது அந்த 'நம்ம' எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கறுப்பு வேட்டியில் சபரிமலை சாமிகள், பச்சையில் பழனிக்கு மாலை போட்டவர்கள், சிவப்பில் மேல்மருவத்தூர் சக்திகள். ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு பஸ் நிறைய ஆந்திரக்காரர்கள்.

வரிசையில் அப்பத்தாவுக்குக் கால் கடுத்தது. முன்னால் நின்ற தெலுங்கு அம்மா ஒருவர் தோளைக் கொடுத்தார். கறுப்பு வேட்டி சாமி ஒருவர் ஓடிப்போய்ப் பூக்கடையிலிருந்து ஸ்டூல் வாங்கி வந்தார். வரிசை நகர நகர ஸ்டூலையும் அவரே தூக்கி வைத்தார். அப்பத்தா தமிழில் பேச, அந்த அம்மா தெலுங்கில் பதில் சொல்ல, இருவரும் பேரப்பிள்ளைகள் கதை வரைக்கும் போய்விட்டார்கள்.

பின்னால் கானாடுகாத்தானில் தங்கியிருந்த பிரெஞ்சு தம்பதி. கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள், துதிக்கை வலப்பக்கம் திரும்பியிருக்கும், மலையிலேயே குடைந்த உருவம் என்பதால் சன்னதியை மட்டும் தனியாகச் சுற்றிவர முடியாது என்றெல்லாம் என் மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். இதெல்லாம் அவளுக்கு அப்பத்தா போனில் சொன்ன கதைகள்.

"என்னத்தா சொல்றே அவுகளுக்கு?"

"நீங்க சொன்னதைத்தான் அப்பத்தா."

தரிசனம் நிறைவாக இருந்தது. திரும்பும்போது குன்றக்குடி தாண்டியதும் அப்பத்தா திடீரென்று, "அந்தத் தெலுங்கு ஆச்சி எந்த ஊருன்னு கேக்காம வந்துட்டமே" என்றார்.