வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரைக் கடையில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மெயிலில் வைரஸ் அனுப்பியவன் திருடன், அவனை விடுங்கள். சரிபண்ணித் தருகிறேன் என்று என் பெரியப்பாவிடம் காசு வாங்கிய சர்வீஸ் கடைக்காரர் செய்ததுதான் வயிற்றெரிச்சல்.

மெயில் ஒரு பார்சல் கம்பெனி பெயரில் வந்தது. முகவரி சரியில்லை, டெலிவரி நிற்கிறது, ரசீதைப் பாருங்கள் என்று ஒரு ஜிப் ஃபைல். திறக்கும் பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருந்தது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் மெயில் சேவையின் வைரஸ் சோதனை உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகவே இப்படி அனுப்புகிறார்கள். உள்ளே பிடிஎஃப் ஐகானோடு ஒரு ரசீது. அசல் பெயரின் கடைசியில் இருந்ததோ இஎக்ஸ்இ, அதாவது திறந்தால் ஓடத் தொடங்கும் புரோகிராம். விண்டோஸ் அந்தக் கடைசி எழுத்துகளை மறைத்தே காட்டும். 2000-இல் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸும் டெக்ஸ்ட் ஃபைல் வேஷத்தில் வந்த விபிஎஸ் என்ற புரோகிராம் ஃபைல்தான். இன்னும் ஏன் மறைக்கிறார்களோ, மைக்ரோசாஃப்டுக்கே வெளிச்சம்.

வந்தது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். போட்டோ, பத்திர ஸ்கேன், வரிக் கணக்கு எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு மிரட்டல் குறிப்பு.

"பயப்படாதீங்க சார், டேட்டா எல்லாம் எடுத்துக் குடுத்துடறேன்" என்று கடைக்காரர் முன்பணம் வாங்கினார். திரும்பி வந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் மட்டும் இருந்தது. ஃபார்மேட் அடித்துவிட்டார்! கேட்டால், "டேட்டா போயிடும்னு அன்னிக்கே சொன்னேனே சார்." சொல்லவே இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வைரஸை ஒழிக்க ஃபார்மேட் போடுவது தப்பில்லை. அதற்கு முன் பூட்டப்பட்ட ஃபைல்களையும் மிரட்டல் குறிப்பையும் எடுத்து வைத்திருக்க வேண்டும். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அவற்றை ஏற்றினால், எந்த வகை ரான்சம்வேர் என்று தேடிப் பார்க்கும். சாவி கிடைத்துவிட்ட வகை என்றால் பூட்டைத் திறக்கும் கருவி இலவசம். இன்று சாவி இல்லாவிட்டாலும், பின்னாளில் கும்பல் பிடிபட்டுச் சாவி வெளிவருவதுண்டு. துடைத்த டிஸ்க்குக்கு அந்த நப்பாசையும் இல்லை.

இதற்கு மேல் 'ஒரிஜினல் ஆன்டிவைரஸ்' என்று தனிக் காசு வேறு. பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். கொஞ்ச நாளில் லைசென்ஸ் செல்லாது என்று மெசேஜ் வந்தது. நோண்டிப் பார்த்தால் கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர். அதை ஏற்றுவதற்காக, விண்டோஸோடு சும்மா வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸையும் அணைத்து வைத்திருந்தார். கிராக் சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டே ரான்சம்வேர் வருவதும் உண்டு, அது தெரியாத ஆளா அவர்?

கடையில் கொடுக்கும்போது, 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு புது டிஸ்க் போடச் சொல்லுங்கள். ஆன்டிவைரஸ் விற்றால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வீட்டில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே டிக் செய்துவிடுங்கள், மறைந்திருக்கும் அந்தக் கடைசி எழுத்துகள் தெரியும். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.

கடைக்காரர் மேல் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பெரியப்பா புகார் கொடுத்திருக்கிறார். அது முடியும்வரை கடைப் பெயரைக் கேட்காதீர்கள்.