சுசுகியா, நீல விளக்கா?

போரான் சேர்மத்தின் கார்பனை இன்னொரு கார்பனோடு இணைக்க இரண்டு வழி: பலேடியமும் சூடும் கொண்ட சுசுகி முறை, நிக்கலும் நீல ஒளியும் கொண்ட விளக்கு முறை. எதை எடுப்பது என்று முடிவுசெய்ய, போரான் எந்தக் கார்பனில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பென்சீன் வளையத்துக் கார்பன் என்றால் பலேடியமும் எண்ணெய்க் குளியலும் போதும். பென்சைல் (வளையத்துக்கு வெளியே ஒட்டிய கார்பன்), இரண்டாம்நிலை அல்கைல் (வேறு இரண்டு கார்பன்களோடு சேர்ந்த கார்பன்) என்றால்தான் நீல எல்இடிக்கு வேலை. புதுசு என்பதற்காக, இரண்டு பென்சீன் வளையம் சேர்ந்த பைஃபீனைலை விளக்கடியில் வைப்பது வெட்டிவேலை. விளக்கு முறையில் போரான் உப்பிலிருந்து ஒற்றை எலக்ட்ரானைப் பிடுங்கி, ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டு) ஆக்கவேண்டும். அரைல், அதாவது வளையக் கார்பன் உப்பிலிருந்து பிடுங்குவது கடினம். பென்சைல் உப்பு சுலபமாகக் கொடுத்துவிடும்.

1979 முதல் புழங்கும் சுசுகி முறைக்கு, 0.5 மில்லிமோல் அளவில்: 4-புரோமோபென்சோநைட்ரைல் 91 மி.கி., ஃபீனைல்போரானிக் அமிலம் 73, பொட்டாசியம் கார்பனேட் 138, டெட்ராகிஸ் (பலேடியம் வினையூக்கி) 17. டையாக்சேன்–தண்ணீர் 4:1 கலவையில் ஆர்கான் ஓட்டி, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க. டெட்ராகிஸ் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கவேண்டும்; பச்சையோ பழுப்போ தட்டியிருந்தால் தூக்கிப்போடுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போய் குளியல் ஆறினால் ஃபிளாஸ்க் காற்றை உள்ளிழுக்கும். போரானிக் அமிலம் தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். ஆர்கான் பலூன் தொங்கினால் அந்தக் கவலை இல்லை.

விளக்கு முறையை 2014-ல் பென்சில்வேனியா பல்கலையின் மொலாண்டர் குழு காட்டியது. அதே புரோமைடு 91 மி.கி.க்கு பொட்டாசியம் பென்சைல்டிரைஃபுளூரோபோரேட் 119, நிக்கல் குளோரைடு கிளைம் 3.3, டைடெர்ட்பியூட்டைல் பைபிரிடின் 4, 2,6-லூட்டிடின் 0.2 மி.லி., அசிட்டோன் 5 மி.லி., கொஞ்சம் மெத்தனால். ஒளிவினையூக்கியாக இரிடியம் உப்பு 11 மி.கி. அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் 4சிஇசட்ஐபிஎன் என்ற உலோகமில்லாத ஒளிவினையூக்கி 8 மி.கி. போட்டுப் பார்க்கலாம், கார்பசோலும் டெட்ராஃபுளூரோ ஐசோதாலோநைட்ரைலும் இருந்தால் லேபிலேயே செய்துகொள்ளலாம்.

எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் நீல ஸ்ட்ரிப்பை எவர்சில்வர் டப்பாவின் உட்சுவரில் சுற்றினால் ரியாக்டர் தயார். ஆனால் பங்குனியில் பாலக்காட்டுக் கணவாயின் அனல்காற்றில் 'அறை வெப்பம்' என்பதே பேச்சுக்குத்தான். டப்பாவைக் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் அடியில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் ஃபேன் வையுங்கள். ஆக்சிஜன் இதற்கு முதல் எதிரி: கிளர்வுற்ற வினையூக்கியை அணைத்துவிடும், பென்சைல் ரேடிக்கலையும் பிடித்து பென்சால்டிஹைடு ஆக்கிவிடும். ஆகவே உறையவைத்து, வெற்றிடமிழுத்து, உருக்குவதை மூன்று தடவை செய்யுங்கள். டிஎல்சியில் (மெல்லடுக்குத் தகட்டுச் சோதனையில்) பைபென்சைல் புள்ளி தெரிந்தால், நிக்கல் ஈடுகொடுக்கும் முன் ரேடிக்கல்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். கரண்ட் போனால் இங்கே நஷ்டமில்லை. வினை நிற்கும், விளக்கு வந்ததும் தொடரும். ஆரஞ்சுக் கண்ணாடி இல்லாமல் டப்பாவுக்குள் எட்டிப்பார்க்காதீர்கள்.

கைரல் (இடக்கை-வலக்கை போல் கண்ணாடி பிம்பத்தோடு பொருந்தாத) போரான் சேர்மம் கையில் இருந்தால் விளக்குப் பக்கமே போகவேண்டாம்: ரேடிக்கலாக மாறிய நொடியில் அதன் அமைப்பு குலைந்துவிடும்.

அளவைப் பெருக்குவதிலும் பலேடியமே முந்தும். அரை லிட்டர் ஃபிளாஸ்கில் ஒளி ஓரத்துச் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும், நடுவில் இருட்டு. மெல்லிய குழாயில் ஓட்டலாம்தான். கரையாத போரேட் உப்பு குழாயை அடைக்காதபடி முதலில் வடிகட்டிப் பாருங்கள், எவ்வளவு கரைந்தது என்று அப்போது தெரியும்.